ஈரத்தின் மேல் ஃபைபர்

தம்பி,

நீ பழுதுபார்த்த அந்தப் படகின் தளத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேனா இல்லையா என்று நேற்று எனக்கே குழம்பிவிட்டது. "அண்ணன் தட்டிப் பாத்து சரின்னுட்டாருன்னு உங்க தம்பி சொன்னாப்ல. அப்புறம் எனக்கென்ன பயம்?" என்று படகுக்காரர் சிரித்தார். என் ஞாபகத்தைவிட உன் பேச்சை நம்பி நானும் தலையாட்டினேன்.

சாயங்காலம் மனசு கேட்காமல் போய்த் தட்டினேன். 'டொக்'கென்று கேட்க வேண்டிய இடம் 'பொத்'தென்றது. நீ ஒட்டிய ஃபைபரை ஓரத்தில் அறுத்தேன். இரண்டு ஃபைபர் அடுக்குக்கும் நடுவில் இருக்கும் மரப்பலகை ஊறிய ரொட்டிபோலக் கையோடு வந்தது. ஈரப் பலகையை மாற்றாமலே மேலே ஃபைபரை வைத்து ரெசின் பசையைப் பூசியிருக்கிறாய். வெறும் சோம்பல் என்றால் திட்டிவிட்டு மறந்திருப்பேன். என் பேரை எதுக்குடா இழுத்தே?

சோறு மூடி வைத்திருக்கிறேன். ஃபைபர் தூள் பட்ட கை அரித்தால் சொறியாதே, குளிர்ந்த தண்ணீரில் கழுவு. பட்டறைச் சாவியைத் தேடாதே, உன்னுடையதையும் எடுத்துக்கொண்டேன்.

அடியில் கொஞ்சம் இடமிருக்கிறது, இதையும் எழுதிவிடுகிறேன். படகுக்காரரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் கடலுக்குப் போகவில்லை. நான் பலகையை மாற்றப் போகிறேன். நீ தூங்குகிறாய்.