வாடகை என்று எழுதிய லாரி

என் கண்ணு விமலாவுக்கு, நைனா சொல்லி எழுதவைப்பது.

ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து வருவாளே உன் மாணவி ரேவதி, அவள்தான் எழுதுகிறாள். எனக்குக் கையெழுத்துகூட வராது. ஆனால் நம் பாரிவாக்கத்து வீட்டு மாடியில் நீ பாடம் நடத்திய ஏழு வருடமும், செருப்புகளுக்குக் காவல் மாதிரி படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டேன். ஒன்றும் மறக்கவில்லை.

உலக நாடுகளுக்கெல்லாம் பொதுவான கம்பெனிக் கணக்கு விதிகளைத் தமிழில் சொல்லிக்கொடுத்தாய். இங்கிலீஷில் திணறிய பிள்ளைகள் தேறியது நீ எழுதிய அந்த எட்டு நோட்டுகளால்தான். குமணன்சாவடியில் உனக்கு வேலை கொடுத்த கோச்சிங் சென்டர்காரர், தமிழில் படித்தால் எவன் மதிப்பான் என்று அப்போது கிண்டல் செய்தார். அவரே போன வாரம் வந்தார். உன் படத்துக்கு மாலை போட்டார். பிறகு ஒரு காகிதத்தையும் மைப்பெட்டியையும் எடுத்து வைத்தார். நோட்டுகளைப் பாதுகாப்புக்காக வாங்கி வைத்துக்கொள்வதாக எழுதியிருக்கிறதாம்.

"சும்மா ஒரு கைநாட்டு, பெரியவரே. நோட்டு எப்பவும் உங்களுதுதான்."

எனக்கு உன் லாரிப் பாடம் ஞாபகம் வந்தது. காகிதத்தில் வாடகை என்று இருக்கும். ஆனால் லாரி ஓடித் தேய்ந்துபோகிற வரைக்கும் எடுத்தவனிடமே இருக்கும். அது வாடகையா, விற்பனையா என்று கேட்பாய். விற்பனை என்று மாடியே கத்தும். எழுத்தைப் பார்க்காதீர்கள், நடப்பதைப் பாருங்கள் என்பாய்.

ரேவதியை முழுசாகப் படிக்கச் சொன்னேன். திருப்பித் தரும் நாள் எங்கேயும் இல்லை. அவர் அச்சடிக்கலாம், விற்கலாம். நாம் யாருக்கும் காட்டக் கூடாது.

"எங்களுதுன்றீங்க, நாங்க தொடக் கூடாதுன்றீங்க. இது பாதுகாப்பு இல்ல சார், கிரயம். லாரி பாடத்துல எம்பொண்ணு சொல்லிக்கீது."

"படிக்காத ஆளு, உனக்கு இன்னா தெரியும்?"

"படிக்கலதான். ஏழு வருசம் கிளாஸ்ல குந்திகினு இருந்தேன். மைப்பெட்டிய மூடு."

வக்கீலோடு வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார். நீயாக இருந்தால் நயமாகப் பேசி அனுப்பியிருப்பாயோ?

நோட்டுகள் இப்போது மாடி மேஜைமேல்தான் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் வந்து பார்த்து எழுதிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். அவர் சென்டர் பிள்ளைகளே மூன்று பேர் வந்தார்கள்.

அந்த மாடிக் கதவை மூடவிட மாட்டேன் கண்ணு. மூட யார் வந்தாலும் படிக்கட்டில் என்னைத் தாண்டித்தான் ஏற வேண்டும். அவருக்குக் கொடுக்காத கைநாட்டை, இதோ, இந்தக் கடிதத்தின் அடியில் வைக்கிறேன்.

உன் வகுப்பில் கடைசிப் படியில் இருந்த
உன் நைனா