கமலியின் காதுக்குப் பின்னால்

போர்ட் பிளேர், 1968

மரகதத்துக்கு,

காலில் சுளுக்கு என்று எழுதியிருந்தேன். சுளுக்குக்கு நாலு மாதம் ஆஸ்பத்திரியா என்று நீ கேட்டது நியாயம்தான். அதை விடு.

இங்கே காலுக்குப் பயிற்சி கொடுக்கிற சகாயசெல்வியம்மா பலே ஆள். "யானைப்பாகனுக்கு நடை அப்புறம். முதல்ல விரல் பேசணும்" என்றார். மெத்தையைச் சுருட்டி, யானைக் கழுத்து மாதிரி அதன்மேல் உட்காரவைத்து, தினமும் இடது கால்விரலால் அழுத்தச் சொன்னார். பக்கத்துக் கட்டில் வங்காளி விழுந்து விழுந்து சிரித்தான்.

நேற்று அவரே என்னை யானை முகாமுக்குக் கூட்டிப்போனார். என் யானை கமலியின் கழுத்தில் நாலு பேர் ஏற்றிவிட்டார்கள். வாயைத் திறக்காமல், காதுக்குப் பின்னால் அந்த விரலால் அழுத்தினேன். கமலி உடனே திரும்பினாள். "ஷாபாஷ்!" என்று சகாயசெல்வியம்மா கத்தினார்.

அந்த விரலில் எனக்கு இன்னும் உணர்ச்சி வரவில்லை, மரகதம். அழுத்தினேனா என்றுகூட எனக்குத் தெரியாது. கமலிக்குத் தெரிந்தது.

உன் வீட்டுக்காரன்