என் புஞ்சையில் நின்று எடுத்த வீடியோவும், மருந்தறைக்கு மாற்றப்பட்ட மருமகளும்

அனுப்புநர்:
பொன்னுத்தங்கம், க/பெ. செல்லப்பாண்டி,
கீழத்தெரு, ஏழாயிரம்பண்ணை அருகில்,
விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
விருதுநகர்.

பொருள்: சொந்த நிலத்தில் நின்று உண்மையைப் பேசி வெளியிட்டதற்காக மிரட்டப்படுவது – மருமகளின் உயிருக்குப் பாதுகாப்பு வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் புஞ்சையை ஒட்டி ஒரு பட்டாசு ஆலை உள்ளது. நடுவில் கம்பிவேலி மட்டுமே. என் மருமகள் யோகலட்சுமி அங்கே லேபிள் ஒட்டும் பிரிவில் இருந்தாள்.

2. இம்மாதத் தொடக்கத்தில் வேலியோரம் முள் வெட்டப் போனேன். ஆலைக்குள் வேப்பமரத்தடியில் பெண்கள் நெருக்கமாக உட்கார்ந்து வெடிக்கு மருந்து அடைத்துக்கொண்டிருந்தார்கள். ஓர் அறைக்கு இத்தனை பேர்தான் என்ற விதிக்குக் கணக்குக் காட்ட, மீதிப் பேரை வெளியே உட்கார்த்தியிருந்தார்கள்; மரத்தடியில் மருந்து அடைப்பதும் விதிப்படி கூடாது. செல்போனில் வீடியோ எடுத்து, "யாராச்சும் என்னன்னு கேளுங்கய்யா, அம்புட்டும் பொம்பளைக" என்று பேசி ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஆலைக்குள் செல்போன் கூடாது என்பது நியாயமான விதி. நான் வேலியைத் தாண்டவில்லை.

3. யாரோ அதை எடுத்து, வெடிவிபத்து என்று பொய்த் தலைப்பிட்டு முகநூலில் பரப்பிவிட்டார்கள். ஊரே பதறியது. அந்தத் தலைப்பு என்னுடையதன்று. ஆலையின் புகாரின்பேரில் காவல் நிலையத்துக்கு அழைக்கப்பட்டேன். "நீங்க நின்னது ஒங்க எடம்தாம்மா. படத்துல இருக்கது அவுக எடம்லா? அழிச்சுட்டு, மன்னிப்புக் கேட்டு ஒண்ணு போடுங்க" என்றார் அங்கிருந்த காவலர். பயந்துபோய்க் குழுவிலிருந்து அழித்தேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. நான் பேசியதில் எது பொய் என்று அவரும் சொல்லவில்லை.

4. மறுவாரமே யோகலட்சுமியை மருந்து அடைக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். அந்த வேலை அவளுக்குப் பழக்கமில்லை. காரணம் கேட்டதற்கு ஃபோர்மேன், "ஒங்க அத்தைக்குத்தான் எல்லாம் தெரியுமே, அவுககிட்டயே கேளு" என்றாராம். வேலையை விட்டுவிடு என்று கெஞ்சினேன். "மத்தவுக எல்லாம் உள்ள இருக்கையில நான் மட்டும் எப்படி, அத்த, வீட்ல இருக்க?" என்கிறாள். அவள் கேட்பதும் சரிதான்.

5. அதே ஆலையில் வேலை செய்யும் பக்கத்து வீட்டு மாரித்தாய், "சீசன் நேரத்துல கம்பெனியப் பூட்டிட்டா எங்க பொழப்பு என்னாகும்க்கா?" என்று என் வாசலில் நின்று அழுதாள். ஆலையை மூடச் சொல்லி இம்மனுவை எழுதவில்லை என்பதை அவளுக்காகவும் இங்கே பதிவு செய்கிறேன்.

6. ஆகவே, முன்னறிவிப்பின்றி அந்த ஆலையை ஆய்வு செய்யவும், மரத்தடி வேலையை நிறுத்தவும், மருமகளைப் பழைய பிரிவுக்கே அனுப்பவும் ஆவன செய்ய வேண்டுகிறேன். வீடியோ என் செல்போனில் இன்னும் இருக்கிறது, காட்டத் தயார். என் நிலத்தில் நின்று கண்டதைச் சொன்னது குற்றமென்றால் அதற்கான விசாரணைக்கு நானே வருகிறேன். அது எப்போது வேண்டுமானாலும் நடக்கட்டும். ஆய்வை மட்டும் தள்ளிப்போட வேண்டாம், ஐயா. நாளைக் காலையும் அவள் அந்த அறைக்குத்தான் போகிறாள்.

இடம்: விருதுநகர்
நாள்: 25.08.2025

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) செ. பொன்னுத்தங்கம்