அடி தெரிகிற குட்டை

மே 21
வயல் மூலையில் குட்டை வெட்டியாயிற்று. ஆறடி போதும் என்றேன். இவர் கேட்கிற ஆளா? பொக்லைனை நிறுத்தவிடாமல் பன்னிரண்டு அடி போய்விட்டார். அடியில் வந்தது கன்னங்கரேலென்று சேறு, அழுகின முட்டை வாடை. "வண்டலுடி, தங்கம்!" என்று வயல் முழுக்கப் பரப்பச் சொல்லிவிட்டார். குளம் தூர் வாரினால் வண்டலை வயலில் அடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம்தானே. எனக்கும் சந்தோஷம்தான். கம்பெனி வேலையை உதறிவிட்டு வந்தவர். இந்தச் சம்பாவைத்தான் நம்பியிருக்கிறோம்.

ஜூன் 9
காய்ந்த சேற்றில் திட்டுத் திட்டாக மஞ்சள் கறை.

அக்டோபர் 14
மழையில் குட்டை நிறைந்துவிட்டது. விழுந்த செங்கல் அடியில் தெரிகிறது, அவ்வளவு தெளிவு. பக்கத்து வயல் கருப்பையன் அண்ணன், "மினரல் வாட்டரு கணக்கா இருக்கே!" என்றார். இவருக்கு வாயெல்லாம் பல். நட்ட பயிருக்கு அதைத்தான் பாய்ச்சுகிறார்.
தவளைச் சத்தம் மட்டும் கேட்கவில்லை. ஏன்?

அக்டோபர் 29
பயிர் கருகுது. பிடுங்கிப் பார்த்தேன், வேர் கட்டை கட்டையாக நிற்குது. குட்டையில் விட்ட விரால் குஞ்சு எல்லாம் மல்லாந்து போச்சு. என்னதான் பண்ணித் தொலைச்சோம்?

நவம்பர் 6
காரைக்காலில் மண் பரிசோதனை. அங்கே வேலை பார்க்கும் அர்ஷியா பொறுமையாகச் சொன்னாள். "அது வண்டல் இல்லைங்கக்கா, பழைய கடல் சேறு. தண்ணிக்கு அடியில கெடந்தவரைக்கும் சும்மா இருந்துச்சு. காத்து பட்டதும் அமிலமாயிடுச்சு."
அந்த அமிலம் களிமண்ணின் துகளையே அரிக்கிறதாம். உள்ளே கட்டுண்டு கிடந்த அலுமினியம் கரைந்து வந்து வேரைக் கருக்குகிறது. குட்டையைத் தெளிய வைத்ததும் அதுதான், படிகாரம் போட்டது போல. நாங்கள் அந்தத் தெளிவைப் பார்த்துப் பூரித்துப் போனோம்.
சுண்ணாம்பு போடலாம், வருஷக்கணக்கில் ஆகும், அரித்துப் போன களிமண் திரும்பாது என்றாள். 

டிசம்பர் 3
சுண்ணாம்பு அடித்தோம். கோரைகூட முளைக்கவில்லை.

ஜனவரி 15
புதுநெல் இல்லாத பொங்கல். கடை அரிசி.

பிப்ரவரி 8
வயலை விற்பதென்று முடிவு. வேறு வழி? பாரிஸில் குடியேறி இப்போது ஊர் திரும்பியிருக்கும் காரைக்கால்காரர் கிறிஸ்தினம்மா வீடு கட்ட இடம் தேடுகிறார். குட்டையைப் பார்த்ததும் மயங்கிவிட்டார். "எவ்ளோ சுத்தம்! பேரப் பிள்ளைங்க இதுலயே குளிக்கலாம் இல்லீங்களா?"
நான் இவரைப் பார்த்தேன். சும்மா இருங்க, இந்த ஒரு தடவை சும்மா இருங்க என்று மனதுக்குள் கெஞ்சினேன். எழுதவே கூசுகிறது. ஆனால் கெஞ்சினேன்.
அந்தம்மா குனிந்து ஒரு கை அள்ளி வாயருகே கொண்டுபோனார். இவர் ஓடிப்போய்த் தட்டிவிட்டார்.
"வேணாம்மா. இதுல தவளைகூட இருக்காது."
பிறகு சேறு, அமிலம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். கார் திரும்பிப் போய்விட்டது. இனி இதை யார் வாங்கப் போகிறார்கள்?
இவர் வரப்பிலேயே நின்றுகொண்டிருந்தார். திட்ட வேண்டும் என்றுதான் போனேன்.
"சோறு ஆறுது, வாங்க" என்றேன்.