மடிப்பு கலையாத படை

ஜூன் 24

நெடிய ஆலோசனைக்குப் பிறகு, இன்று மாலை என் தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொள்வதென்று முடிவு செய்தேன். எதிர்த்தரப்பின் வாதத்தை அம்மா எடுத்துரைத்தாள்: "காது ரெண்டும் தனியா நிக்கும்டா." வாதம் கேட்கப்பட்டது, தீர்மானம் நிறைவேறியது. காது இரண்டும் தனியாகத்தான் நிற்கின்றன.

கல்லூரி மாணவர் படையில் சேர இது முதல் நிபந்தனை. ஏன் சேருகிறாய் என்று கேட்டவர்களிடம் நாட்டுப்பற்று என்றேன். இங்கே உண்மையை எழுதலாம். அணிவகுப்பு விடியற்காலையில் நடக்கும். எங்கள் இஸ்திரிக் கடையில் விடியற்காலை முறை என்னுடையது. மின்சார இஸ்திரிப் பெட்டியை அப்பா நம்புவதில்லை. இருப்பது ஒரே கரிப்பெட்டி. விடிந்தால் என் கையில், பிறகு இருட்டும்வரை அவர் கையில். கல்லூரிக்கு நான் கரிப்புகை வாசனையோடுதான் போகிறேன்.

வருடக் கடைசியில் மலையடிவாரத்தில் பத்து நாள் முகாம் வேறு உண்டாம். பத்து நாள், அடுத்தவர் சட்டையைத் தொடாமல். அதற்காகக் காதை இழக்கவும் தயார்.

ஜூன் 27

அப்பாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன், எல்லாம் வீண். "நல்லதுதான், போ. காலைல நான் பாத்துக்கறேன்" என்றார். இடுப்பைப் பிடித்துக்கொண்டே சொன்னார். அதை நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

ஜூலை 2

முதல் அணிவகுப்பு. பயிற்சி தருபவர் ஓய்வுபெற்ற சிப்பாய். டிரில் சார் என்கிறோம். அவர் நலம் விசாரித்தாலே மரத்திலிருக்கும் பறவைகள் கிளம்பிவிடும்.

எனக்கு நடக்கத் தெரியும் என்று இத்தனை வருடமாக நம்பியிருந்தேன். இடது கால் முன்னே போகும்போது வலது கை முன்னே போக வேண்டுமாம். யாரும் சொல்லாதவரை அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. "லெஃப்ட்" என்று கேட்டதும் இடது கையும் இடது காலும் கூடப் பிறந்தவை மாதிரி சேர்ந்தே கிளம்பின.

டிரில் சார் பக்கத்தில் வந்து நின்றார். முதல் முறையாக மெதுவாகப் பேசினார்.

"தம்பி, இது உங்க வீட்டுல தெரியுமா?"

ஜூலை 9

கைக்கும் காலுக்கும் ஒற்றுமை நீடிக்கிறது.

ஜூலை 17

சீருடை வந்தது. அப்பாவே இஸ்திரி போட்டார். கால்சட்டை மடிப்பில் விரல் வைக்கப் பயமாக இருந்தது. மைதானத்தில் டிரில் சார் என்னை ஒரு சுற்று சுற்றி வந்தார். யார் போட்டது என்று கேட்டார். அப்பா என்றேன். எங்கே என்றார். இஸ்திரிக் கடை என்ற சொல்லைக் கல்லூரிக்குள் இன்றுதான் வாய்விட்டுச் சொன்னேன். அந்த நேரத்தில் வேறு கௌரவமான பெயர் கிடைக்கவில்லை.

சிரிப்புக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. எந்தச் சுவரைக் கண்டாலும் சாய்ந்துகொள்வதால் பல்லி என்று பெயரெடுத்தவன் பின்வரிசையிலிருந்து கிசுகிசுத்தான்: "மச்சி, என்னோடதையும் குடுக்கட்டா?"

ஆகஸ்ட் 6

பல்லி கொடுத்தான். பல்லியைப் பார்த்து வரிசை கொடுத்தது. நண்பர்களின் துணியை அப்பா தலையில் கட்டுவது நியாயமில்லை என்று நானே போடுகிறேன். அணிவகுப்புக்கு முன் முடிக்க வேண்டும். முன்பெல்லாம் ஐந்து மணிக்கு எழுந்தேன். இப்போது நான்கு. நாட்டுப்பற்று ஒரு மணி நேரம் கூடுதலாகக் கேட்கிறது.

நவம்பர் 12

மேலதிகாரி பார்வையிட வந்தார். என்னை நடுவரிசையில், கை தெரியாத இடத்தில் ஒளித்து வைத்திருந்தார்கள். இவ்வளவு கட்டுப்பாடான படையைப் பார்த்ததில்லை என்றாராம். எங்கள் சட்டைகள் உண்மையிலேயே கட்டுப்பாடானவை.

டிசம்பர் 3

முகாமுக்கு ஆள் எடுத்தார்கள். நடை சரியாக இருப்பவர்களுக்கு மட்டும்தான் இடம். ஒரு வாரம் மொட்டைமாடியில் பழகியிருந்தேன். அம்மா பார்த்துவிட்டு, எங்கேயாவது சுளுக்கா என்று தைலம் கொண்டுவந்தாள். இன்று "லெஃப்ட்" என்றார்கள் — அவ்வளவுதான், பழைய ஜோடி. பல்லி தேர்வாகிவிட்டான். பல்லி!

போகட்டும். இப்ப என்ன குடி முழுகிப் போச்சு? பத்தே பத்து நாள்தானே கேட்டேன். வேற என்ன கேட்டேன் நான்?

டிசம்பர் 5

டிரில் சார் கூப்பிட்டனுப்பினார்.

"நீயும் வர்ற."

விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தேன்.

"கூடாரத்துல கரண்ட் கிடையாது. உங்க வீட்டுல கரிப்பெட்டிதானே? அதையும் எடுத்துட்டு வா."

அணிவகுப்பு என்று மெல்ல இழுத்தேன். "அதெல்லாம் அவங்க பாத்துப்பாங்க" என்றார்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். தலை ஏன் ஆடியது? கைகால்தான் என் பேச்சைக் கேட்பதில்லை என்று நினைத்திருந்தேன்.

டிசம்பர் 6

பெட்டி விஷயத்தை அப்பாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப பத்து நாளும் கடையைத் திறக்க முடியாதே" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து அதையே இன்னொரு தடவை, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லிப் பார்த்தார். பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பி, கடலோரத்தில் இருக்கும் அத்தை வீட்டுக்குக் காலையில் வண்டி எத்தனை மணிக்கு என்று அம்மாவிடம் கேட்டார்.

டிசம்பர் 20

அப்பாவும் அம்மாவும் காலை வண்டியில் அத்தை வீட்டுக்குப் போனார்கள். கடையைப் பூட்டிச் சாவியை அப்பா எடுத்துக்கொண்டார். எனக்கு மதியம் வண்டி. பெட்டி ஏழு கிலோ. கரி மூட்டை தனி.