அழைத்துப் போக வந்த மாமா

அம்மாவுக்கு முத்துப்பேச்சி வணங்கி எழுதுவது. உன் கால் வீக்கம் வடிந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். மில்லிலிருந்து மீட்டு, அவிநாசிப் பக்கம் அரசு காப்பகத்தில் வைத்திருக்கிறார்கள். இங்கே யாரும் அடிப்பதில்லை.

நேற்று உன் தம்பி தவசி மாமா என்னை அழைத்துப் போக வந்தார்.

"என்னைய மில்லுக்கு வித்ததே இவருதாம்மா," என்றேன் அதிகாரியம்மாவிடம்.

"கேசுல அவரு பேரு இல்லியே கண்ணு. சொந்தத் தாய்மாமன் கேட்டா அனுப்பித்தான் ஆகோணும்," என்றார்.

காகித வேலை முடிந்ததும் என்னைக் கூட்டிப் போக வெள்ளிக்கிழமை மாமா மறுபடி வருவார். அதற்குள் யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொண்டு நீயே வா அம்மா. போர்த்திக்கொள்ள உன் பழைய சேலை ஒன்று வேண்டும்.

உனக்கு இதை யார் படித்துக் காட்டுவார்களோ! மாமா படித்தால், நான் நன்றாக இருக்கிறேன் என்பதோடு நிறுத்திவிடுவார்.

தபாலுக்குக் கேட்கிறார்கள். முடிக்கிறேன்.

முத்துப்பேச்சி