ஆர்.ஐ.க்கு அடித்த கோழி

நைனா,

காலையில் பக்கத்து வீட்டுப் பெண் வந்து இரண்டு நாற்காலி இரவல் கேட்டாள். மகனுக்குக் காலேஜ் உதவித்தொகையாம், வருமானம் விசாரிக்க ஆபீசர் வருகிறாராம். அவள் வீட்டிலிருந்து கோழிக்குழம்பு வாசனை வேறு மூக்கைத் துளைத்தது. எங்கிருந்துதான் எனக்கு அவ்வளவு கோபம் வந்ததோ! "நாற்காலியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. அந்தக் குழம்பை முதல்ல ஒளிச்சு வை" என்று கத்திவிட்டேன். அவள் மிரண்டு போனாள். நான் கத்தியது உன்னைப் பார்த்து என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

எஸ்.எஸ்.எல்.சி. முடித்து எனக்குப் பட்டணத்துக் காலேஜில் இடம் கிடைத்த வருஷம் அது. படிப்புச் சம்பளத்தைச் சர்க்கார் கட்டும், ஹாஸ்டலுக்கும் உதவி உண்டு. ஆனால் வசதியில்லாத குடும்பம் என்று செஞ்சி தாலுக்கா ஆபீசில் சர்டிபிகேட் வாங்கவேண்டும். அது இல்லையென்றால், நம் குத்தகைக் கழனியில் விளைகிற மல்லாட்டைக் கடலையை முழுக்க விற்றாலும் ஹாஸ்டல் சாப்பாட்டுக்கே காணாது. என் படிப்பே அந்த ஒரு காகிதத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

விசாரிக்க ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றதும் நீ செய்த கூத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. அம்மா தடுத்துப் பார்த்தாள். "ஆபீசரு நம்ம வூட்டுக்கு வராரு, வெறுந்தரையிலயா உக்கார வைக்கிறது? இன்னா பேச்சு பேசுற நீ!" என்று அவளை அடக்கினாய். துணிக்கடை பாயிடமிருந்து நாற்காலி வந்தது. எதிர்வீட்டுப் பித்தளைக் குடங்கள் நம் கூடத்தில் வரிசையாக ஏறின. சித்தப்பாவின் கல்யாணச் சட்டை உன் மேல் ஏறியது. அடைகாத்துக்கொண்டிருந்த கோழியைக்கூட நீ விடவில்லை. ஆர்.ஐ. வயிறாரச் சாப்பிட்டு, சுற்றும்முற்றும் பார்த்து, "நல்லாத்தானே இருக்கீங்க" என்றார். நீ பூரித்துப்போய், "உங்க புண்ணியத்துல ஒரு குறையும் இல்லீங்க" என்றாய். அட நைனா! அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டு போனார். சர்டிபிகேட் இல்லை என்று பதில் வந்தது.

அம்மா அழுதாள். நான் சாப்பிடாமல் கிடந்தேன். பிறகு ஒரு சந்தை நாளில் என்னையும் கூட்டிக்கொண்டு தாலுக்கா ஆபீசுக்கு நடந்தாய். "அதெல்லாம் இரவலுங்க" என்று நீ சொன்னதைத் தாசில்தார் நம்பவில்லை. கொடுத்தவர்களைக் கூட்டி வரச் சொன்னார். பாய் வந்தார், எதிர்வீட்டுக்காரர் வந்தார், சித்தப்பா வந்தார். சந்தைக்கு வந்த கூட்டம் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. பாய் தலையைக் குனிந்துகொண்டு, "நாற்காலி நம்மளுதுதாங்க. ஆனா இவரு ரொம்ப மானஸ்தருங்க" என்றார். அப்போதும் தாசில்தார் விடவில்லை. "ஆர்.ஐ. கிட்ட நீயே ஒரு குறையும் இல்லைன்னு சொன்னியேய்யா, இப்ப இன்னா சொல்ற?" என்றார். நீ துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டாய். "இல்லாதவனுங்க நானு. ஒண்ணுமே இல்லாதவன்" என்றாய். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நீ திரும்பவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன்.

சர்டிபிகேட் கிடைத்தது, உதவித்தொகையும் வந்தது, நான் காலேஜுக்குப் போனேன்.

ஆனால் தெருவில் போகிறவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து சோறு போடுவாயே, அது அன்றோடு நின்றது. கல்யாண வீடுகளில் முதல் பந்தியில் உட்கார்ந்தவன் கடைசிப் பந்திக்குப் போனாய். கூப்பிட்டாலும் வரமாட்டாய். லீவுக்கு வந்தபோது, "ஏன் நைனா இப்படி?" என்று கேட்டேன். "ஊரு கேக்கச் சொல்லிட்டேம்மா. சொன்ன மாதிரிதானே இனிமே இருக்கணும்" என்றாய். விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்று நினைத்தேன்.

எனக்கு வேலை கிடைத்தது, மச்சுவீடு கட்டினோம், கழனியும் சொந்தமாயிற்று. அந்த வார்த்தையை மட்டும் சாகும்வரை நீ திரும்ப எடுத்துக்கொள்ளவே இல்லை.

அந்தக் காலத்தில் காலேஜுக்கு எவ்வளவு செலவாச்சு என்று பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். எல்லாம் சர்க்கார் கொடுத்தது, நமக்கு ஒண்ணும் செலவில்லை என்றுதான் சொல்கிறேன். சொன்ன பிறகு அவர்கள் எதிரில் உட்கார முடிவதில்லை, நைனா. எழுந்து உள்ளே போய்விடுகிறேன்.